ஒழுங்கு நடவடிக்கை உண்டா, இல்லையா?

மேற்படிப்பு வழிகாட்டி அறையின் சாவியைப் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் உங்கள் மூவரிடம் ஒப்படைக்கும் சாக்கில் என்னை மறுபடியும் பள்ளிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூடவே அனுபவத்தில் நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எது கடைசி நாள், கட்டுரையை எப்படித் தொடங்குவது, உதவித்தொகைக்கு எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த இணையதளங்களே வேறு மாதிரி ஆகிவிட்டன.

அதனால் ஒரே ஒரு பிற்பகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் பணிக்காலத்தில் மிகக் கடினமாக இருந்த பிற்பகல் அது.

மதிவதனி பாகூர் பக்கத்துப் பெண். அவள் அப்பா ஏழுமலைக்கு அங்கே கொஞ்சம் நிலம் உண்டு. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல், டவுனை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். அவர்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் உப்புக் கரிக்கத் தொடங்கியது. ஊரில் எல்லோரும் அதைப் பற்றிப் புலம்பினார்கள். இவள் அளந்து பார்த்தாள். வேதியியல் ஆசிரியரிடம் உப்பை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, விடுமுறை நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கடற்கரையிலிருந்து உள்ளே ஊர் வரைக்கும் கிணறு கிணறாகப் போய்ப் பார்த்தாள்.

“ஒரு எடத்துல கோடு போட்ட மாதிரி இருக்குது மிஸ்” என்று என்னிடம் சொன்னாள். “அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நல்ல தண்ணி. அந்தக் கோடு எங்க ஊர்ப் பக்கமா நகருது. எவ்ளோ வேகமா நகருதுன்னு கேட்டா யாருக்கும் தெரியல.”

அதைக் கண்டுபிடிப்பதற்காகவே அவள் படிக்க விரும்பினாள். நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்குப் பேர் போன ஒரு பல்கலைக்கழகம் அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். உலகம் முழுக்க இருந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் விண்ணப்பிப்பார்கள். மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள். எடுத்துக்கொண்டால், வசதியில்லாத பிள்ளையின் முழுச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் பள்ளியிலிருந்து அதுவரை ஒருவரும் அங்கே போனதில்லை. விண்ணப்பித்ததுகூட இல்லை.

மதிவதனியின் மதிப்பெண்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுரையை அவளே எழுதினாள். நான் இரண்டு கமாக்களைத் திருத்தியதோடு சரி. எல்லாம் தயாராக இருந்தது, ஒரே ஒரு கேள்வியைத் தவிர.

அதைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய வருஷம் நடந்ததைச் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு. மதிவதனியின் நெருங்கிய தோழி ஜோஸ்பின். டவுனிலேயே, மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு. அப்பா இல்லை; அம்மா தையல் வேலை செய்து வளர்த்தார். அந்த வாரம் அம்மாவுக்குத் திடீரென்று உடம்பு மோசமாகி, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரவெல்லாம் வார்டில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்துவிட்டு, காலையில் அங்கிருந்தே சீருடை மாட்டிக்கொண்டு தேர்வுக்கு வந்தாள் ஜோஸ்பின். தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறாள்; பள்ளியில் மறுத்துவிட்டார்கள். வேதியியல் தாளைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை. பக்கத்து வரிசையில் இருந்த மதிவதனி தான் எழுதிய தாள் ஒன்றை உருவி அவள் பக்கம் தள்ளினாள். கண்காணிப்பாளர் பார்த்துவிட்டார். இருவருக்கும் அந்தத் தேர்வில் பூஜ்யம். ஒரு வாரம் பள்ளிக்கு வரக் கூடாது என்று உத்தரவு.

இப்போது அந்தக் கேள்வி: ‘மாணவர் மீது எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டா? இடைநீக்கம் உட்பட.’ மாணவி நிரப்பும் பகுதியில் ஒரு முறை வரும். பள்ளி நிரப்பும் பகுதியில் இன்னொரு முறை வரும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாள். முன்கூடத்தில் குடில் கட்டி நட்சத்திரம் தொங்கவிட்டிருந்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து பள்ளி மூடல். முதல்வர் ஊருக்குப் போகிறார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் விடுமுறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. எனவே எதுவானாலும் அன்றே முடித்தாக வேண்டும்.

மதிவதனி என் எதிரில் உட்கார்ந்து, மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

“மிஸ், இதுல இன்னா போடறது? மாமா பையன் ‘இல்ல’ன்னு போட்டுட்டுப் போய்க்கினே இருன்னு சொல்றான். எனக்குக் கை வரல.”

நான் எழுந்து முதல்வர் அறைக்குப் போனேன். பள்ளி நிரப்பும் பகுதியில் அவர் கையெழுத்து வேண்டும்.

எங்கள் முதல்வரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். கண்டிப்பானவர், நியாயமானவர் என்றும் பெயர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

“இல்லைன்னு போடுங்க டீச்சர். நாம தண்டிச்சது அந்தப் பொண்ணு திருந்தறதுக்கு. திருந்திடுச்சு. அத்தோட முடிஞ்சுது. வெளிநாட்டுக்காரன்கிட்டப் போய் இதச் சொல்லி, ஒரு கிராமத்துப் பொண்ணோட வாழ்க்கைய நாமளே கெடுக்கறதா?”

“கேள்வி நேரா கேக்குதே சார்.”

“கேக்கட்டும். யாருக்குத் தெரியப் போவுது?”

அதில் இரக்கமும் இருந்தது, பள்ளியிலிருந்து முதல் ஆள் போக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவராலேயே முடிந்திருக்காது. நெருக்கடி நேரத்தில் நம் எதிரில் நிற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருப்பார்கள். தப்பான முடிவை நல்ல காரணத்தோடு சொல்வார்கள்.

நான் திரும்பி வந்தபோது என் அறையில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். மகள் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். மதிய ஷிப்டுக்குப் போகிற வழியில் வந்திருந்தார். கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். நான் இரண்டு பக்கத்தையும் விளக்கினேன். உண்மையைச் சொன்னால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

அவர் கேட்டார்:

“டீச்சர், அது செஞ்சது தப்புதான். நீங்க தண்டன குடுத்தீங்க. ஒரு வாரம் வூட்ல ஒக்காந்து அழுதுச்சு. நான் ஒரு வார்த்த கேக்கல. இப்ப மறுபடியும் அதுக்கே தண்டன குடுக்கறேன்றீங்க. ஒரு தப்புக்கு எத்தினி தடவ குடுப்பீங்க?”

இந்த வேலையில் நீங்கள் இருக்கும் வரைக்கும் பெற்றோர்கள் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்பார்கள். உடனே ஒரு பதிலைத் தயாரித்துச் சொல்லாதீர்கள். “தெரியலை, யோசிக்கிறேன்” என்று சொல்லலாம். நான் அதைத்தான் சொன்னேன்.

யோசித்தபோது ஒன்று உறைத்தது. இந்தச் சம்பவம் மதிவதனிக்கு மட்டும் சொந்தமானதில்லை. ஆம் என்று எழுதினால் ஜோஸ்பின் கதையையும் எழுத வேண்டியிருக்கும். இல்லை என்று எழுதினால் ஜோஸ்பினையும் சேர்த்து மறைக்கிறோம். அவளைக் கேட்காமல் நாங்கள் நாலு பேர் இரண்டு அறைகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவசரமாக முடிவெடுக்க வேண்டி வரும்போது, பேச வேண்டிய யார் அந்த அறையில் இல்லை என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் விடுபட்டிருப்பார்.

ஆள் அனுப்பி ஜோஸ்பினைக் கூப்பிட்டேன். முன்கூடத்தில் கேக் விநியோகத்தில் இருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஏழுமலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தப் பெண்ணால்தான் எல்லாம் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஜோஸ்பின் உடனே சொன்னாள்:

“இதுக்கா மிஸ் இவ்ளோ யோசிக்கறீங்க? நான் எழுதிக் குடுத்துடறேன். பேப்பர மதி குடுக்கல, அவளுக்குத் தெரியாம நான்தான் உருவிட்டேன்னு. அப்ப அவ மேல தப்பே இல்லல்ல? நான் வெளிநாடெல்லாம் போவப் போறதில்ல மிஸ். இங்கதான் நர்சிங் சேரப் போறேன். எனக்கு ஒண்ணும் ஆவாது.”

சட்டென்று ஏழுமலை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அந்த அறையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் அந்த நொடியில் அது எவ்வளவு சுலபமான வழியாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கையெழுத்து போதும். கெட்டிக்காரப் பெண்ணின் பெயர் சுத்தமாகிவிடும்.

மதிவதனி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“லூசாடி நீ? நான்தான் குடுத்தேன். நீ கேக்கக்கூட இல்ல. நானாத்தான் தள்ளினேன். உன்னத் திருடின்னு எழுதிக் குடுத்துட்டு நான் அங்க போய் இன்னா படிக்கறது? தண்ணிய அளந்து அளந்து உண்மையா எழுதறேன்னு கட்டுரைல பெருசா எழுதி வெச்சிருக்கேன்.” பிறகு அப்பாவிடம் திரும்பினாள். “ப்பா, ‘ஆமா’ன்னே போட்டுடறேன்ப்பா. கெடைக்கலன்னா வுட்டுடு. வேற எடம் பாத்துக்கலாம்.”

ஏழுமலை கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் ஜோஸ்பினுக்கு இடம் விட்டார்.

அதன் பிறகுதான் என் வேலை ஆரம்பித்தது. உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தால் மட்டும் போதாது. எவ்வளவு உண்மை என்று ஒன்று இருக்கிறது. ‘தேர்வில் விடைத்தாளைக் கொடுத்ததற்காக இடைநீக்கம்’ என்று ஒரு வரி எழுதினால் அதில் பொய் இல்லை. ஆனால் அதைப் படிக்கிறவர் மனதில் உருவாகிற பெண் மதிவதனி அல்ல. நான் நடந்ததை வரிசையாக எழுதினேன். தோழியின் தாயார் மருத்துவமனையில் இருந்தது. தோழி தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்டது. பள்ளி மறுத்தது. இவள் தாளைக் கொடுத்தது. பிடிபட்டதும் இருவரும் மறைக்காமல் ஒப்புக்கொண்டது. தண்டனை. தன்னைப் பற்றி எழுதலாமா என்று ஜோஸ்பினிடம் கேட்டேன். “அம்மா பேரு மட்டும் வேணாம் மிஸ். மத்தது எல்லாம் எழுதுங்க” என்றாள்.

எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போனேன். பிள்ளைகள் இருவரும் வெளியே நின்றார்கள்.

நாங்கள் ஆம் என்று போடப்போகிறோம் என்பதிலேயே அவருக்கு வருத்தம். அந்தப் பெண்ணே அப்படி விரும்புகிறாள் என்றதும் பெருமூச்சு விட்டு வாசிக்க ஆரம்பித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

“‘பள்ளி மறுத்தது’. இது எதுக்கு டீச்சர்? நம்ம மேலயே நாம புகார் எழுதிக்கணுமா?”

“அந்த வரிய எடுத்துட்டா, எந்தக் காரணமும் இல்லாம காப்பி அடிக்கக் குடுத்த பொண்ணா ஆயிடுவா சார். அவ தப்ப எழுதறோம். நம்மளோடதையும் எழுதினாத்தான் அது சரியா இருக்கும்.”

“யாரு மறுத்தது? எங்கிட்ட யாரும் வந்து கேக்கவே இல்லியே. கேட்டிருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா?”

எனக்கும் அது தெரியாது. தேர்வுப் பொறுப்பாளரிடம் கேட்டிருப்பாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வாசலில் நின்ற ஜோஸ்பினை உள்ளே கூப்பிட்டேன்.

“தேர்வத் தள்ளி வெக்கச் சொல்லி நீ யாரக் கேட்டம்மா?” என்றார் முதல்வர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லு என்பது போல் தலையசைத்தேன்.

“உங்களத்தான் சார். காலைல ஸ்கூல் கேட் கிட்ட. நீங்க யாரையோ பாக்க அவசரமா கெளம்பிட்டிருந்தீங்க. ‘ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா’ன்னு சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டீங்க.” குற்றம் சொல்கிற குரல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அவர் நினைவுபடுத்திப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டதை அவர் முகத்திலேயே பார்த்தேன். பிறகு “அம்மா இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

“நல்லா இருக்காங்க சார். மறுபடி தைக்கறாங்க. கிறிஸ்துமஸுக்கு நெறைய ஆர்டர்.”

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். “திருத்திக் கொண்டாங்க டீச்சர்.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எப்படி வாதாடலாம் என்று மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார்.

“‘பள்ளி’ன்னு இருக்கறத எடுத்துட்டு ‘முதல்வர்’னு போடுங்க.”

அப்படியே திருத்தி, கையெழுத்து வாங்கி அனுப்பினோம். என் பணிக்காலத்தில் எத்தனையோ மேலதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். தலைமைப் பதவி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பேனா முனைதான் ஞாபகம் வரும்.

ஜனவரிக் கடைசியில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கணினி அறையில், திரை வழியாக. பேசியது ஒரு பேராசிரியை. நான் வெளியே நடந்துகொண்டிருந்தேன். முடிந்து வெளியே வந்தபோது மதிவதனியின் சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது.

“தண்ணியப் பத்தித்தான் ரொம்ப நேரம் கேட்டாங்க மிஸ். கடைசில அதையும் கேட்டாங்க. மறுபடி அதே நெலமை வந்தா இன்னா செய்வேன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“பேப்பர் குடுக்க மாட்டேன்னு சொன்னேன். எழுந்து நின்னு, ‘சார், இவளால இன்னிக்கு எழுத முடியாது, இவ ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றா, யாராச்சும் கவனிங்க’ன்னு ஹால்ல எல்லாரும் கேக்கற மாதிரிச் சொல்லுவேன்னு சொன்னேன். அன்னிக்கு எனக்கு அது தோணல மிஸ். பேப்பர் குடுக்கறதுதான் தைரியம்னு நெனச்சிட்டேன்.”

இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இல்லை என்று குறித்திருந்தால் இந்தக் கேள்வி அவளிடம் வந்திருக்காது. இந்தப் பதிலை அவளும் தேடியிருக்க மாட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் இடம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பின்னொரு வருஷம் வேறொரு பையன் இதே மாதிரி எல்லாவற்றையும் சொல்லி விண்ணப்பித்தான். வேண்டாம் என்று பதில் வந்தது. காரணம் அதுதானா என்று நமக்குத் தெரியவே தெரியாது. அவன் இங்கேயே சேர்ந்து இப்போது நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போவான். நான் உத்தரவாதம் தரக்கூடியது இவ்வளவுதான்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை. போன் அடித்தது. எடுத்தால் பேச்சே இல்லை, விசும்பல் மட்டும். பிறகு மதிவதனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

“கெடச்சிடுச்சு மிஸ். செலவு முழுக்க அவங்களே. ஜோஸ்பினுக்குச் சொல்லிட்டேன். அம்மாவும் நானும் அழுதுகினே இருக்கோம். அப்பா ஷிப்ட்ல இருக்காரு. செல்போனக் கம்பெனி கேட்லயே வாங்கி வெச்சிடுவாங்க. நேர்ல போய்ச் சொல்லணும்.”

முதல் பஸ்ஸைப் பிடித்து அவள் டவுனுக்கு வந்தாள். பேருந்து நிலையத்திலிருந்து ஜோஸ்பின் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டாள். நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன். மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வாசலில் நாங்கள் மூவரும் நின்றபோது ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

ஏழுமலை எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். ஓடி வந்தார்.

“இன்னாச்சு? அம்மாவுக்கு இன்னா?”

“ஒண்ணும் இல்லப்பா. கெடச்சிடுச்சுப்பா. அந்த காலேஜு. எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க.”

அவர் நம்பவில்லை. மகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்த விஷயம் தெரிஞ்சேவா டீச்சர்?”

“தெரிஞ்சேதான். எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் எடுத்திருக்காங்க.”

கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் என்ன ஏது என்று கூடிவிட்டார்கள். ஒருவர், “இன்னா ஏழுமலை, பொண்ணு பாஸா?” என்று கேட்டார். “பாஸு” என்றார் இவர். “எம் பொண்ணு தண்ணியப் பத்திப் படிக்கப் போவுது. அமெரிக்கா.” பிறகு ஜோஸ்பின் பக்கம் திரும்பி, “இதோ, இதுவும் எம் பொண்ணுதான். நர்சு படிக்கப் போவுது” என்றார். ஜோஸ்பின் அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதாள்.

எதிரே ஒரு சின்ன டிபன் கடை. எல்லோரையும் உட்காரவைத்து இட்லி சொன்னார். சாப்பிடும்போது மகளிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, அங்கே குளிருக்கு எப்படிப்பட்ட சட்டை வேண்டும் என்பதுதான். மதிவதனி இப்போது அங்கே மூன்றாம் வருஷம். போன கோடை விடுமுறையில் அவள் வந்தபோது பாகூர்ப் பக்கம் மறுபடியும் கிணறு கிணறாகப் போனாள். இந்த முறை அவள் அப்பாவும் கூடப் போனார்.

எங்கள் முதல்வர் ஓய்வு பெறும் முன் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தார். வீட்டில் நோயோ துக்கமோ இருந்தால் ஒரு பிள்ளை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லித் தேர்வைத் தள்ளிவைக்கலாம். அது இன்றும் இருக்கிறது. உங்கள் வகுப்பில் அதைச் சொல்லுங்கள். சொன்னால்தான் கேட்பார்கள்.

சாவி இதோ. உட்புறத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும். தூக்கித் தள்ள வேண்டும். நான் உள்ளே வரும்போது பார்த்தேன், வெளியே ஏழெட்டுப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு பெண் கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக நிற்கிறாள். முதலில் அவளைக் கூப்பிடுங்கள்.